முதுகு இல்லாத பட்டங்கி

முன்னொரு காலத்தில் கடலோரத்து நாடு ஒன்றை அளகேசன் என்ற ராஜா ஆண்டுவந்தார். புது உடுப்பைக் கண்டால் அவருக்குச் சோறு தண்ணீர் வேண்டாம்.

ஒருநாள் பாய் கிழிந்த கப்பல் ஒன்று கரை தட்டியது. உள்ளே உயிரோடு இருந்தது ஒரே ஒரு டச்சுக்காரன். மடியில் கறுப்புப் பட்டு அங்கி ஒன்றைக் குழந்தையைப் போல வைத்திருந்தான்.

ராஜா அதைப் பிடுங்கிக் கையை நுழைத்தார். தோள்வரை சில்லிட்டது.

"ஆகா, என்ன குளுமை! நம் வெயிலுக்கென்றே செய்தது!"

ஆனால் முதுகுப்பக்கம் கழுத்திலிருந்து கால்வரை திறந்து கிடந்தது. பாதியில் விட்ட தையல் என்று நினைத்தார் ராஜா. அரண்மனைத் தையல்காரர் மனுவேல் போர்ச்சுகீசியர். டச்சுக்காரன் பதறிப் பதறிச் சொன்னது எதுவும் மனுவேலுக்குப் புரியவில்லை.

"மந்திரி சேந்தா! டச்சுப் பேச்சைப் போர்ச்சுகீசில் சொல்கிறவன் வேண்டும். துணியும் தையலும் தெரிந்தவனாக இருக்கணும். நாளைக்குள் வராவிட்டால் உன் பதவி போச்சு!"

சேந்தன் துறைமுகமெல்லாம் அலைந்தார். கிடைத்தவர்களுக்கு மிளகு விலையும் பீரங்கியும்தான் பேசத் தெரிந்தது. மறுநாள் வெறுங்கையோடு வந்து நின்றார்.

அவர்மேல் வெகுநாள் பொறாமை கொண்ட சபைப் பண்டிதர் திருமேனியார் எழுந்தார். "ஏழு மொழி தெரிந்த நான் இங்கேயே இருக்கும்போது இவர் எங்கே தேடினார் மகாராஜா?"

அவருக்குப் போர்ச்சுகீசு தெரியும். டச்சில் ஒரு சொல்கூடத் தெரியாது. டச்சுக்காரன் கதறியதைத் தலையாட்டிக் கேட்டுவிட்டு, "உடம்பில் போட்டபடியே முதுகைத் தைத்துவிட வேண்டுமாம். அப்புறம் ராஜாவை எவராலும் அசைக்க முடியாதாம்" என்றார்.

மனுவேல் ஊசியில் நூல் கோத்தார். ராஜா கைகளை நீட்டினார்.

"ஒரு நிமிஷம்" என்றார் சேந்தன். "பொத்தான் வரிசையாக இருக்கிறது, அதை மாட்ட ஓட்டை ஒன்றுகூட இல்லையே. எப்படிக் கழற்றுவதாம், திருமேனியாரே?"

"அது... தலைவழியாகத்தான்!"

"அவனையே கேட்போம். இதற்கு எந்த மொழியும் வேண்டாம்."

சேந்தன் அங்கியைத் தன் மார்பில் வைத்துக் காட்டினார். பிறகு கழற்றுவதுபோல் சைகை செய்து, எப்படி என்று கையை விரித்தார்.

டச்சுக்காரன் தலையை மெல்ல ஆட்டினான், இல்லை என்று. தரையில் மல்லாந்து படுத்தான். இரு கையையும் மார்பில் குறுக்கே வைத்தான். கண்ணை மூடினான்.

மனுவேலின் ஊசி கீழே விழுந்தது.

"பிணத்துக்கு உடுத்துவது" என்றார் சேந்தன். "எழுந்து கழற்றப் போவதில்லை, ஓட்டை எதற்கு? படுத்தேதான் கிடப்பார், முதுகு எதற்கு?"

ராஜா தன் பொன்னாடையை எடுத்துச் சேந்தனுக்குப் போர்த்தினார். "அந்த அங்கி செத்தவரிடமே போகட்டும். திருமேனியாரே, அவன் பேச்சு புரிந்தவர் நீர்தானே? நீரே கொண்டுபோய்க் கடலில் விடும்."

டச்சுக்காரன் சிறு படகு ஒன்றில் அங்கியைத் தட்டையாக விரித்துவைத்தான். திருமேனியார் இடுப்பளவு தண்ணீரில் இறங்கித் தள்ளினார். காற்று கரையை நோக்கி அடித்தது, படகோ கடலை நோக்கிப் போயிற்று.

அலையில் ஒருமுறை படகு திரும்பியபோது, அங்கி தட்டையாக இல்லை. உள்ளே ஆள் இருப்பதுபோல் அதன் கைகள் இரண்டும் புடைத்து மார்பின் குறுக்கே கிடந்தன.

பக்கத்தில் நின்று பார்த்தவர் திருமேனியார் ஒருவர்தான். என்ன பார்த்தீர் என்று ராஜா கேட்டார், ஊரே கேட்டது. ஏழு மொழிக்காரர் அதன்பிறகு எந்த மொழியிலும் வாய் திறக்கவில்லை.