சீனி எறும்பு

எறும்பும் மனுஷியும் வாய்விட்டுப் பேசிக்கொண்டிருந்த காலம் அது. பேசிக்கொண்டார்கள் என்று மரியாதைக்குச் சொல்கிறேன். அங்கம்மாள் வீட்டு அடுப்படியில் நடந்ததெல்லாம் சண்டைதான்.

அங்கம்மாள் சீனி அச்சுப் போடுகிறவள். கல்யாண வீட்டுச் சீர்த்தட்டில் வைப்பதற்குக் கிளி, யானை, மீன், தேர் என்று சீனியிலேயே உருவம் செய்து தருவாள். சீனியை மாவாக இடித்துச் சலித்து, சாறு தெளித்துப் பிசைவாள். மஞ்சள் நிறத்துக்கு மஞ்சள் கிழங்கு, நீலத்துக்குச் சங்குப்பூ, ரோஜா நிறத்துக்குக் கொடிப்பசலைப் பழம். பிடித்தால் பிடி நிற்க வேண்டும், விரலில் ஒட்டவும் கூடாது, அதுதான் பக்குவம். அதை மர அச்சில் அமுக்கி, வாழையிலையில் தட்டி, நிழலில் உலர்த்தினால் கல் மாதிரி இறுகிவிடும். வாங்குகிறவர்கள் தின்ன மனசு வராமல் கையில் வைத்துக்கொண்டே நிற்பார்கள். எறும்புகளுக்கு அந்த மாதிரி மனசெல்லாம் கிடையாது.

ஒருநாள் காலையில் அங்கம்மாள் தட்டை மூடியிருந்த துணியை எடுத்தாள். அவளுக்குத் தூக்கிவாரிப்போட்டது. ஒரு கிளிக்கும் மூக்கு இல்லை. யானையெல்லாம் தும்பிக்கை போய்ப் பன்றியாக நின்றது. தேரின் உச்சிக் கலசத்தைக் காணோம். பெண்வீட்டார் தட்டை வாங்க வந்துகொண்டிருந்தார்கள்.

“அடிப் பாவிகளா! என் குடியைக் கெடுத்துட்டீங்களே! எவடி அவ? வெளிய வாங்கடி!” என்று சுவர் ஓட்டையைப் பார்த்துக் கத்தினாள்.

ஓட்டையிலிருந்து சித்தாயி எட்டிப் பார்த்தாள். அந்தக் கட்டெறும்புக் கூட்டத்துக்கு மூத்தவள் அவள். எதை வெட்டினாலும் முதல் வெட்டு அவளுடையது. பின்னாலேயே அவள் தங்கை பூவி வந்தாள். எறும்புக் கூட்டத்தில் எல்லாருமே அக்கா தங்கைதான். ஆனாலும் பூவி என்றால் சித்தாயிக்குத் தனி. முட்டையாக இருந்ததிலிருந்து வாயில் தூக்கி வளர்த்த பிள்ளை. ஒருமுறை மழைத்தண்ணீர் புற்றுக்குள் புகுந்தபோது மற்றவர்கள் தானியத்தைக் கவ்விக்கொண்டு ஓட, சித்தாயி பூவியைக் கவ்விக்கொண்டு ஓடினாள். அதற்காகக் கூட்டத்தில் பேச்சு வாங்கினாள். வாங்கினால் என்ன, பிள்ளை பிழைத்துக்கொண்டது.

“மஞ்சத்தூளை அள்ளிக் கொட்டி ஓட்டையை அடைச்சிருவேன், பாத்துக்கோ!” என்றாள் அங்கம்மாள்.

“அடைங்கக்கா. நாங்க வேற ஓட்டை போட்டுக்கிடுவோம். சுவரு உங்களுதுதானே” என்றாள் சித்தாயி.

அங்கம்மாள் தலையில் கைவைத்து உட்கார்ந்துவிட்டாள். இவளுகளோடு மல்லுக்கட்டி ஆகாது என்று அவளுக்கே தெரியும். கொஞ்ச நேரம் கழித்து இறங்கி வந்தாள். “சரி. தினமும் சாயங்காலம் ஒரு உருண்டை சீனி உங்க வாசல்ல வச்சிர்றேன். தட்டுப் பக்கம் ஒருத்தியும் வரக்கூடாது. சம்மதமா?”

சித்தாயி சம்மதம் என்று சொல்ல வாயைத் திறந்தாள். அதற்குள் பூவி முந்திக்கொண்டாள்.

“உருண்டையா? கிளின்னா கிளி மாதிரி செய்றீங்க, யானைன்னா யானை மாதிரி செய்றீங்க. எங்களுக்கு மட்டும் உருண்டையா? எங்களுக்கு ஒரு உருவமே இல்லையாக்கா?”

அங்கம்மாளுக்குக் கோபத்திலும் சிரிப்பு வந்துவிட்டது. “அடி ஆத்தி! எறும்பு அச்சு செதுக்கச் சொன்னா ஆசாரி என்னை அடிக்க வருவாரு” என்றாள். ஆனாலும் தட்டு தப்பித்தால் போதும் என்று எழுந்து போய் ஒரு கட்டி தேன்மெழுகை எடுத்து வந்தாள். அடுப்போரம் வைத்து இளக்கி, “எவளாச்சும் ஒருத்தி இதுல குப்புறப் படுத்து எந்திரிங்க” என்றாள்.

சொல்லி வாய் மூடவில்லை, பூவி போய்ப் படுத்துவிட்டாள். எழுந்தபோது அவள் தலை, நூல் மாதிரி இடுப்பு, ஆறு கால், நெற்றிக் கொம்பு இரண்டு எல்லாம் மெழுகில் அப்படியே பதிந்திருந்தன.

அன்று சாயங்காலம் ஓட்டை வாசலில் ரோஜா நிறத்தில் ஒரு சீனி எறும்பு கிடந்தது. அதைப் பார்த்ததும் சித்தாயி பின்வாங்கினாள்.

“அய்யய்யோ, இது நம்ம பூவியாச்சே! இதை எப்படிடி திங்க?”

“தின்னு பாருக்கா. நான் எம்புட்டு இனிப்பா இருக்கேன்னு தெரியும்” என்று பூவி விழுந்து விழுந்து சிரித்தாள்.

“வாயைக் கழுவுடி, கழுதை” என்று திட்டினாள் சித்தாயி. ஆனால் கூட்டம் மொத்தமும் பசியோடு நிற்கிறது, முதல் வெட்டு விழாமல் யாரும் வாய் வைக்க முடியாது. கண்ணை மூடிக்கொண்டு கழுத்தில் ஒரு வெட்டு வெட்டினாள். தலை தனியே உருண்டது. எல்லாரும் கொல்லென்று சிரித்தார்கள், பூவிதான் எல்லாரையும்விடச் சத்தமாகச் சிரித்தாள். மறுநாள் சித்தாயி கண்ணை மூடவில்லை. அதற்கடுத்த நாட்களில் கழுத்தின் எந்த இடத்தில் வெட்டினால் பொடியாகாமல் பிரியும் என்பதுகூட அவளுக்குப் பழகிப்போய்விட்டது.

பூவிக்கோ அந்த மெழுகு அச்சின்மேல் ஒரே மோகம். சீனி ஒட்டாமல் இருக்க அங்கம்மாள் அச்சுக் குழியில் எப்போதும் உலர்ந்த சீனித்தூளைத் தூவி வைத்திருப்பாள். மத்தியானம் ஆனால் பூவி அதில் போய்ப் படுத்துக்கொள்வாள். தலை வைக்க இடம், கால் வைக்க இடம், கொம்பு வைக்கக்கூட இடம். “என் அளவுக்கே செஞ்ச கட்டிலு. உலகத்துல வேற யாருக்கு இருக்கு சொல்லு” என்பாள்.

“அங்கெல்லாம் படுக்காதடி. மனுஷங்க கை வந்து போற இடம்” என்பாள் சித்தாயி.

“உனக்குப் பொறாமைக்கா.”

செல்லம் கொடுத்து வளர்த்த பிள்ளை, யார் சொல்லைக் கேட்கும்?

ஒருநாள் அங்கம்மாளுக்குப் பெரிய கல்யாண வேலை. விடிந்தால் முகூர்த்தம். மீன் அச்சில் வால் வாலாக உடைந்துகொண்டிருந்தது. ஈரம் கூடிப்போச்சா, குறைந்துபோச்சா என்று தெரியாமல் அவள் மறுபடி மறுபடி பிசைந்து அமுக்கிக்கொண்டிருந்தாள். முகமெல்லாம் வியர்வை, மூக்கு நுனியில் சீனிமாவு. எல்லா மீனையும் தட்டி முடித்தபோது வட்டிலில் கொஞ்சம் ரோஜாச் சீனி மிச்சம் இருந்தது. அடடே, எறும்புக்குப் போடவில்லையே என்று நினைவு வந்தது. கண் மீன்மேல் இருந்தது. கை தன்பாட்டுக்குப் போய் மெழுகு அச்சை எடுத்தது. மிச்சச் சீனியை வைத்துப் பெருவிரலால் ஒரு அமுக்கு. இலையில் ஒரு தட்டு. அவ்வளவுதான்.

அய்யோ, இதை நான் எந்த வாயால் சொல்வேன்! பூவி அந்தக் குழியில் சீனித்தூள் மெத்தையில் அயர்ந்து தூங்கிக்கொண்டிருந்தாள். கத்தினாளா என்று கேட்டால் எப்படிக் கத்துவாள்? வாய் நிறையச் சீனி. ரோஜாச் சாறு ஊறிய சீனி மேலேயும் கீழேயும் அவளை மூடிக்கொண்டது. இலையில் விழுந்தது என்றைக்கும் விழுகிற சீனி எறும்புதான், எந்த வித்தியாசமும் இல்லை. நிழலில் கிடந்து அது மெல்ல இறுக ஆரம்பித்தது.

பொழுது சாய்ந்தது. சித்தாயிக்குத் தங்கையைக் காணாமல் மனசு நிலைகொள்ளவில்லை. வரிசையாக வந்துகொண்டிருந்தவர்களை மறித்து, “பூவியைப் பாத்தீங்களாடி?” என்று கேட்டாள்.

“வந்தாளே! எதிர்ல வந்து என்னைத் தாண்டிப் போனாளே” என்றாள் நாச்சி என்ற எறும்பு.

“மொகத்தைப் பாத்தியா?”

“மொகத்தை யாரு பாத்தா? கறுப்பா ஒண்ணு போச்சு. பூவியாத்தான் இருக்கும். போவியா, சும்மா வழியை மறிச்சுக்கிட்டு!”

அந்த நாளில் எறும்புகள் அப்படித்தான். எதிரே யார் வந்தாலும் ஏறிட்டுப் பார்ப்பது கிடையாது, அவரவர் வேலை அவரவருக்கு. சித்தாயியும் அப்படி வளர்ந்தவள்தான். கறுப்பாகப் போனது பூவியாகத்தான் இருக்கும் என்று அவளும் நம்பினாள்.

அங்கம்மாள் சீனி எறும்பைக் கொண்டுவந்து வாசலில் வைத்துவிட்டுப் போனாள். கூட்டம் சுற்றி நின்றது.

“பூவிக்கு ஒரு காலை எடுத்து வச்சிருங்கடி. வந்து இல்லேன்னு அழுவா” என்றாள் சித்தாயி. சொல்லிவிட்டு, எப்போதும் வெட்டுகிற இடத்தில் கழுத்தில் வாயை வைத்து ஒரே வெட்டு வெட்டினாள்.

தலை உருண்டது. ஆனால் வெட்டிய இடம் ரோஜா நிறமாக இல்லை. நடுவில் கறுப்பாக இருந்தது.

சித்தாயிக்கு ஒன்றும் புரியவில்லை. கருகின சீனியோ என்று குனிந்து பார்த்தாள். அப்போது சீனிக்குள்ளிருந்து ஒரு கால் மேல்தோட்டை உடைத்துக்கொண்டு ஒருமுறை உதைத்தது. பிறகு அசையவில்லை. உடைந்த சில்லு உதிர்ந்த இடத்தில் உண்மையான எறும்புக் கால் தெரிந்தது.

சித்தாயி கிட்டே போய், உருண்டு கிடந்த தலையைத் தன் கொம்புகளால் தடவினாள். சீனி உதிர்ந்தது. கண் தெரிந்தது. நெற்றி தெரிந்தது. எத்தனையோ முறை நக்கிச் சுத்தம் செய்த முகம் அவளுக்குத் தெரியாதா?

“பூவி!” என்று அவள் போட்ட கூச்சலில் அடுப்படியே அதிர்ந்தது. அங்கம்மாள் ஓடிவந்தாள். கீழே கிடந்ததைப் பார்த்தாள், தன் பெருவிரலைப் பார்த்தாள், அப்படியே மார்பில் அடித்துக்கொண்டு உட்கார்ந்தாள்.

“அய்யோ, அமுக்கினது நானாச்சே! குனிஞ்சு ஒரு பார்வை பாத்திருந்தா போதுமே!”

“அமுக்கினது நீங்க” என்றாள் சித்தாயி. “வெட்டினது நானு. பாக்காம வெட்டினது நானு.”

இன்னொன்றும் இருந்தது. அதை அவள் யாரிடமும் சொல்லவில்லை. வெட்டிய வாயில் அந்தச் சீனி இன்னும் கரைந்துகொண்டிருந்தது. அது இனித்தது. துப்பினாள், மண்ணில் வாயைத் தேய்த்தாள், மறுபடி துப்பினாள். இனிப்பு போகவில்லை. தங்கை செத்துக் கிடக்கையில் தன் வாய் இனிக்கிறதே என்பதை அவளால் தாங்க முடியவில்லை.

அங்கம்மாள் மெழுகு அச்சை அடுப்பில் எறிந்தாள். அது உருகி எரிந்தது. தரையில் நெற்றி படக் குனிந்து எறும்புகளிடம் என்னென்னவோ சொல்லி அழுதாள். சித்தாயி பதில் சொல்ல வாயைத் திறந்தாள், ஒரு சொல்லும் வரவில்லை. அவள் மட்டுமல்ல, அங்கே நின்ற ஒரு எறும்புக்கும் வாயெழவில்லை. பூவியைத் தூக்கிக்கொண்டு ஓட்டைக்குள் போனார்கள். மனிதரிடம் எறும்பு பேசிய பேச்சு அத்தோடு நின்றது. சீனியில் யானை செய்கிறவர்கள் உண்டு, மயில் செய்கிறவர்கள் உண்டு, எறும்பு செய்கிறவர்கள் மட்டும் இன்றுவரை எந்த ஊரிலும் இல்லை.

விடிந்ததும் வரிசை கிளம்பியது. செத்தவள் செத்தாலும் இருக்கிறவர்களுக்கு இரை தேட வேண்டும் இல்லையா? சித்தாயியும் கிளம்பினாள். எதிரே கறுப்பாக ஒன்று வந்தது. அவள் நின்றாள். வந்தவளையும் நிறுத்தினாள். வாய்தான் பேச மறுத்துவிட்டதே, கொம்பு இருந்தது. இரண்டு கொம்பாலும் அவள் நெற்றியைத் தொட்டாள், கண்ணைத் தொட்டாள், வாயைத் தொட்டாள். அது நாச்சி. உயிரோடிருக்கிற நாச்சி. போக விட்டாள். அடுத்து ஒருத்தி வந்தாள். அவளையும் நிறுத்தித் தொட்டாள். அடுத்தவளையும்.

வழி மறித்து நின்றதால் பின்னால் வரிசை தேங்கியது. ஆனால் முந்தைய நாள் மாதிரி ஒருத்தியும் சலித்துக்கொள்ளவில்லை. சித்தாயி தொட்டுவிட்டுப் போன நாச்சி, கொஞ்ச தூரம் நடந்து, தன் எதிரே வந்தவளைத் தானும் நிறுத்தினாள். ‘கறுப்பா ஒண்ணு போச்சு’ என்று சொன்னவள் அவள்தானே. மெல்ல அந்த முகத்தைத் தொட்டுப் பார்த்தாள்.

அன்றைக்கு ஆரம்பித்ததுதான். எத்தனை பெரிய சுமையைத் தூக்கிக்கொண்டு எத்தனை அவசரமாக ஓடினாலும், எதிரே வருகிற எறும்பை ஒரு கணம் நிறுத்தி, முகத்தைத் தொட்டு, ‘நீ இருக்கிறாயா’ என்று பார்க்காமல் எந்த எறும்பும் தாண்டிப் போவதில்லை.