குறை பார்க்கப் போனவர்

மலையடிவாரத்து ஊர் ஒன்றில் மயிலாத்தாள் என்று ஒரு டீச்சர். ஊறுகாய் போடுவது, வத்தல் காய வைப்பது, கொல்லையில் காய்கறி வளர்ப்பது, மழைத்தண்ணீர் மண்ணை அரித்துக்கொண்டு போகாமல் வரப்பு கட்டுவது எல்லாம் ஓர் ஓலைக் கொட்டகையில் சொல்லிக்கொடுப்பாள். சுற்றுப்பட்டு ஊர் சனமெல்லாம் வரும்.

அவளுடைய மூத்த சீடர் செங்கோடன். வயதிலும் அவளுக்கு மூத்தவர். கொட்டகைக்குக் கால் நட்ட நாளிலிருந்து கூடவே இருக்கிறார். டீச்சர் தன் மகள் இருக்கும் ஊருக்கே போகப்போகிறாள், இனிக் கொட்டகை தெய்வானை கையில் என்று யாரோ சொல்ல, மனுசனுக்குச் சோறு இறங்கவில்லை. தெய்வானை போன வருசம் வந்து சேர்ந்தவள். வயிறு எரிந்ததா என்றால், எரிந்தது. அந்த அனலில் ரெண்டு தோசை வார்த்திருக்கலாம்.

நேரே போய்க் கேட்டுவிட்டார்.

“ஏனுங்க டீச்சர், நேத்து வந்தவளுக்குக் கொட்டகை. எனக்கு என்னங்க, குப்பைக்குழியா?”

டீச்சர் புளியில் கொட்டை எடுத்துக்கொண்டிருந்தாள். நிமிரவில்லை.

“அவ நல்லாச் சொல்லிக்குடுக்கறாங்கண்ணா.”

“என்னத்தச் சொல்லிக்குடுத்தா? எல்லாம் தப்பு.”

“போயிப் பாத்தீங்களா?”

“நான் எதுக்குங்க போகோணும்?”

“நாளைக்குப் போங்க. அவளோட மாங்கா ஊறுகாய் வகுப்பு. ஒரே ஒரு தப்புக் கண்டுபுடிச்சிட்டு வாங்க, கொட்டகை உங்களுக்கு.”

செங்கோடனுக்கு வாயெல்லாம் பல். மறுநாள் முதல் ஆளாகப் போய் முன்வரிசையில் உட்கார்ந்தார். கண்ணில் விளக்கெண்ணெய் விட்டுக்கொண்டு பார்த்தார். டீ வந்தது, தொடவில்லை. குடிக்கிற நேரத்தில் ஒரு தப்பு நழுவிப் போய்விட்டால்?

சாயங்காலம் வந்தவர் மூச்சுவிடாமல் கொட்டினார்.

“மாங்காயக் கழுவறா, துடைக்கறா, துணியில பரப்பி ஈரம் போற வரைக்கும் காய விடறா. அதுக்கே பாதி நேரம் போச்சுங்க!”

“அப்புறம்?”

“ஜாடியெல்லாம் வெயில்ல காயோணுமாம். கரண்டியில பொட்டுத் தண்ணி இருந்துச்சுன்னு ஒரு பொம்பளைய மறுபடி துடைக்க வெச்சா. துண்டெல்லாம் முங்கி, மேல எண்ணெய் நிக்கோணுமுன்னு பத்து தடவ சொல்றா. சனம் என்ன செவிடா?”

“ம்.”

“இதக் கேளுங்க. மாங்கா கொழகொழன்னு போகுதே, ஏன்னு ஒருத்தர் கேட்டாரு. எனக்குத் தெரியலீங்கன்னு சபையில சொல்றா! வெக்கமே இல்ல. பறிச்ச அன்னைக்கே போடோணும், வெச்சிருந்தா பழுக்க ஆரம்பிச்சுருமுன்னு பின்னால இருந்த ஒரு அம்மா சொன்னாங்க. இவ கையெடுத்துக் கும்பிட்டுக் கேட்டுக்கறா. இவளெல்லாம் ஒரு டீச்சருங்களா?”

டீச்சர் இப்போதுதான் அவரை நிமிர்ந்து பார்த்தாள்.

“ஏனுங்கண்ணா, உங்க ஜாடி வருசா வருசம் பூஞ்சை புடிக்குதே. எதனால?”

“ஈரந்தானுங்க” என்றார் செங்கோடன் பட்டென்று. சொன்ன பிறகுதான் வாயை மூடினார்.

“எத்தனை வருசமா நானும் அதையேதான் சொன்னேன்?”

செங்கோடன் துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டார்.

“உங்களுக்குச் சொல்லிக்குடுக்க என்னாலயே முடியலீங்கண்ணா. அவ ஒரே நாள்ல சொல்லிக்குடுத்துட்டா.”