வால் முளைத்த கண்ணாடி

முன்னொரு காலத்தில், விளக்குக்குக் கண்ணாடிக் கூடு போட்டால் ஊரே திரண்டு வந்து வேடிக்கை பார்த்த காலத்தில், ஒரு நாட்டை ஓர் அரசர் ஆண்டுவந்தார். நல்லவர்தான். ஆனால் கோபம் வந்துவிட்டால் வாயில் வந்ததெல்லாம் ஆணை. அவர் 'எழுதும்' என்று தொடங்கினால், சொல்லி முடிப்பதற்குள் எழுத்தர் ஓலையில் எழுதி முடித்துவிடுவார். எழுதிய பிறகு அரசரே நினைத்தாலும் மாற்ற முடியாது. அது அந்த அரண்மனையின் வழக்கம்.

அங்கே அம்பலவாணன் என்று ஒரு விகடகவி இருந்தான். ஊரெல்லாம் அவனைப் பெரிய தைரியசாலி என்று நினைத்தது. உண்மையில் அவனைப் போன்ற பயந்தாங்கொள்ளி அந்த நாட்டிலேயே கிடையாது. பயம் வந்தால் அவனுக்கு வாய் தானாக ஓட ஆரம்பித்துவிடும். அதைத்தான் எல்லோரும் சாமர்த்தியம் என்று சொல்லிக்கொண்டிருந்தார்கள்.

வசந்த விழாவன்று அந்தி சாயும் நேரம், அரசர் தோட்டத்துக் கொடிப்பந்தலில் பாட்டுக் கேட்டுக்கொண்டிருந்தார். தலைக்கு மேலே புதுக் கண்ணாடிக் கூட்டுக்குள் விளக்கு எரிந்தது. திடீரென்று கோடை மழை நாலு தூறல் போட்டது. அதில் ஒரு துளி சூடேறிய கண்ணாடியில் விழ, கூடு படாரென்று வெடித்தது. சில்லு ஒன்று பறந்து வந்து அரசரின் மூக்கு நுனியைக் கீறிவிட்டது.

மறுநாள் அரசர் மூக்கில் பச்சிலைக் கட்டோடு அரியணையில் அமர்ந்தார். மூக்கைப் பார்க்கக்கூடாதே என்று சபையில் எல்லோரும் உத்தரத்தைப் பார்த்துக்கொண்டு நின்றார்கள்.

"உடைகிற பொருளை அரசனின் தலைக்கு மேல் தொங்கவிடுவதா? அந்த ஏரிக்கரைக் கண்ணாடிச் சூளையை இடித்துத் தள்ளுங்கள்!" என்று அரசர் கர்ஜித்தார்.

விழா ஏற்பாடுகளைக் கவனித்த அதிகாரி கோதண்டராயர் முதல் ஆளாகக் கை கூப்பினார். "தக்க தண்டனை, மகாப்பிரபு. இன்றே இடித்துவிடலாம். விசாரணை என்று ஒரு நாளைக்கூட வீணாக்க வேண்டாம்."

சூளையை நம்பி நாற்பது குடும்பங்கள் இருந்தன. அவர்களை நினைத்ததும் அம்பலவாணனுக்குப் பயம் வந்தது. உடனே வாய் ஓட ஆரம்பித்தது.

"அரசே, கண்ணாடி என்றால் உடையத்தானே செய்யும்? உடையாத கண்ணாடி வேண்டுமென்று ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் அதையும் செய்து கொடுத்திருப்பார்களே!"

அரசர் சிரிப்பார் என்று நினைத்தான். அவர் சிரிக்கவில்லை.

"கேட்டருளினீர்களா, மகாப்பிரபு?" என்றார் ராயர். "செய்து கொடுப்பார்களாம். விகடகவியே வாக்குக் கொடுக்கிறார்."

"அப்படியானால் எழுதும்!" என்றார் அரசர் எழுத்தரிடம். "சம்மட்டியால் ஓங்கி அடித்தாலும் உடையாத கண்ணாடி எட்டாம் நாள் இந்தச் சபைக்கு வர வேண்டும். வந்தால் சூளை நிற்கட்டும். வராவிட்டால் சூளையை இடித்து, நாற்பது குடும்பங்களையும் எல்லைக்கு அப்பால் அனுப்ப வேண்டும். அவர்களுக்கு முன்னால் கொடி பிடித்து நடந்து போகிறவன் இந்த அம்பலவாணன்!"

எழுத்தாணி ஓலையில் கீறுகிற சத்தம் அம்பலவாணனின் முதுகுத்தண்டில் கேட்டது.

ஏரிக்கரைச் சூளையை நடத்தி வந்தவள் செங்கமலம் என்ற பெண். உலை முன்னால் இருபது வருஷம் நின்று நின்று புருவம் கருகிப்போனவள். செய்தியைக் கேட்டதும் இடுப்பில் கை வைத்துக்கொண்டு அம்பலவாணனை மேலும் கீழும் பார்த்தாள்.

"ஏஞ்சாமி, சும்மா இருந்தா சூளையத்தான இடிச்சிருப்பாக. இப்ப எங்களயும் வெரட்டுவாகளாம். நீங்களும் எதுக்குச் சேந்து வாரீக?"

"வாய் தாயி, வாய்! இது செய்த வேலை. விளக்கு எதனால் வெடித்தது? அதையாவது சொல்லு."

"கண்ணாடிய உலையில இருந்து எடுத்தா மூணு நாளு சுடுசாம்பல்ல பொதச்சு வைக்கணும். பைய பைய ஆறணும். அவசரமா ஆறுனா உள்ளுக்குள்ள இழுத்துப் புடிச்சிக்கிட்டே கெடக்கும். ராயரோட ஆளுக விழாவுக்கு வேணும்னு ஒரே நாள்ல சாம்பலக் கெளறி உருவிக்கிட்டுப் போயிட்டாக. வெடிக்காம என்ன செய்யும்?"

ராயர் ஏன் விசாரணை இல்லாமல் அன்றே இடிக்கச் சொன்னார் என்று அம்பலவாணனுக்கு அப்போதுதான் விளங்கியது. ஆனால் விளங்கி என்ன பயன்? சாட்சி கிடையாது. சூளைக்காரி பேச்சைச் சபையில் யாரும் கேட்கமாட்டார்கள்.

செங்கமலம் வேலையில் இறங்கினாள். ஆற்று மணலை மாற்றிப் பார்த்தாள். ஈயம் சேர்த்தாள். கை முஷ்டி கனத்தில் பாளம் வார்த்து, சாம்பலில் பொறுமையாக ஆறவிட்டு எடுத்தாள். எல்லாமே ஒரே அடியில் சிதறின. ஒவ்வொன்று சிதறும்போதும் அம்பலவாணன் கண்ணை மூடிக்கொண்டான். அவனுக்குச் சோறு இறங்கவில்லை. பக்கத்துக் குடிசைகளில் பெண்கள் பாத்திரங்களை மூட்டை கட்டத் தொடங்கியதைப் பார்த்தபோது அங்கே நிற்கவே அவனுக்கு வெட்கமாக இருந்தது.

ஏழாம் நாள் மத்தியானம் கண்ணாடி ஊதும் இரும்புக் குழலைக் குளிர வைக்கும் தண்ணீர்த் தொட்டிக்குப் பக்கத்தில் சோர்ந்து உட்கார்ந்தான். தொட்டியின் அடியில் தலைப்பிரட்டை போல என்னவோ பளபளத்தது. குண்டுத் தலை, நூல் போல நீண்ட வால், எல்லாம் கண்ணாடி. எடுக்கக் கையை விட்டான்.

"அதத் தொடாதீக சாமி!" என்று செங்கமலம் ஓடி வந்தாள். "உருகுன கண்ணாடி சொட்டுச் சொட்டாத் தண்ணியில விழுந்து இப்படி ஆகும். கழிவு. வால லேசாக் கிள்ளுனாப் போதும், கையிலயே வெடிச்சுத் தூளாயிரும்."

"வால் இருக்கட்டும். தலையை அடித்தால்?"

"கழிவ எவன் சாமி அடிச்சுப் பாத்தான்?"

அன்றுதான் அடித்துப் பார்த்தார்கள். பட்டறைக் கல்லில் வைத்துச் செங்கமலம் அந்தக் கண்ணாடித் துளியின் தலையில் ஓங்கிப் போட்டாள். சம்மட்டிதான் துள்ளியது. துளி அப்படியே கிடந்தது. இன்னும் இரண்டு அடி போட்டாள். கீறல்கூட விழவில்லை. இருவரும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். பிறகு செங்கமலம் அதைச் சாக்கில் சுற்றி வாலை மட்டும் முறித்துக் காட்டினாள். டப்பென்று ஒரு சத்தம். சாக்கை விரித்தால் உள்ளே உப்புப் போலப் பொடி.

அதே நேரம் வாசலில் நிழல் ஒன்று அசைந்தது. வெற்றிலைப் பெட்டியோடு ஓர் ஆள் வேகவேகமாக நடந்து போனான். கோதண்டராயரின் வேலைக்காரன்.

"போச்சு தாயி, எல்லாவற்றையும் பார்த்துவிட்டான்," என்றான் அம்பலவாணன். வேறு கண்ணாடி செய்ய நாளும் இல்லை.

எட்டாம் நாள் சபை நிரம்பியிருந்தது. செங்கமலம் தூணோரம் நின்றாள். அம்பலவாணன் தொட்டியிலிருந்து எடுத்த இன்னொரு துளியைப் பட்டுத்துணியில் வைத்து நீட்டினான். வணக்கம் சொல்வது போல நன்றாகக் குனிந்து முகத்திலிருந்த பயத்தை மறைத்தான்.

"அரசே, ஒரு விண்ணப்பம். 'இது எங்களுக்கு முன்பே தெரிந்ததுதான்' என்று பிறகு யாரும் சொல்லக்கூடாது. சம்மட்டிக்கு உடையாத கண்ணாடியை முன்பே கண்டவரோ கேட்டவரோ இங்கே உண்டா என்று கேட்டருள வேண்டும்."

அரசர் கேட்பதற்கு முன்பே ராயர் எழுந்துவிட்டார். "நான் கண்டதுமில்லை, கேட்டதுமில்லை. அப்படி ஒன்று உலகத்திலேயே கிடையாது. தங்கள் திருவடி மேல் ஆணை, மகாப்பிரபு! ஆகவே முதலில் அடியேன் அதைக் கையில் வாங்கிப் பார்க்க அனுமதி வேண்டும்."

சம்மட்டிக்கு முன்னால் துளி ராயர் கைக்குப் போனால் எல்லாம் முடிந்தது.

"தாராளமாக!" என்றான் அம்பலவாணன். "ஆனால் பிறகு இது உடையாமல் நின்றால், ராயர் கை பட்ட ராசி என்று ஊர் சொல்லும். சூளையைக் காப்பாற்றிய புண்ணியவான் என்று அவருக்கு மாலை போட வேண்டியிருக்கும்."

"முதலில் சம்மட்டி விழட்டும்!" என்றார் அரசர் பொறுமையில்லாமல்.

யானைச் சங்கிலி அடிக்கும் கொல்லர் வந்தார். அவர் கையின் கனத்தைப் பார்த்ததும் அம்பலவாணனுக்கு மறுபடியும் சந்தேகம் வந்துவிட்டது. ஒன்று, இரண்டு, மூன்று அடி. சபையே குனிந்து பார்த்தது. துளி கல்லின் மேல் சிரித்துக்கொண்டு கிடந்தது.

அரசர் இறங்கி வந்து அதன் தலையைப் பிடித்துத் தூக்கி வெளிச்சத்தில் திருப்பித் திருப்பிப் பார்த்தார். வால் அவருடைய நகத்துக்குப் பக்கத்தில் ஆடியது. பட்டால் அவர் கையிலேயே வெடிக்கும். நல்லவேளை, ராயருக்குப் பொறுக்கவில்லை. உள்ளங்கையில் மேலாடையை இரண்டு சுற்றுச் சுற்றிக்கொண்டு, "அடியேனும் ஒருமுறை," என்று துளியை வாங்கினார். வால் நுனியைப் பிடித்தார். கிள்ளினார்.

டப்!

ராயர் மேலாடையை உதறினார். பொடிதான் கொட்டியது. "பாருங்கள் மகாப்பிரபு! கிள்ளினாலே தூளாகிறது. இதுவா உடையாத கண்ணாடி?"

மூக்குக் கட்டைச் சுற்றி அரசரின் முகம் சிவந்தது. அம்பலவாணன் எழுத்தரைக் கை காட்டினான்.

"அரசே, ஓலையை வாசிக்கச் சொல்லுங்கள். சம்மட்டியால் அடித்தால் உடையக்கூடாது என்றுதான் இருக்கிறது. கிள்ளுவதைப் பற்றி அதில் ஓர் எழுத்தும் இல்லை."

எழுத்தர் வாசித்தார். அப்படித்தான் இருந்தது.

"இன்னும் ஒரு சந்தேகம், அரசே. மூன்று அடி தாங்கிய பொருள் தங்கள் கைக்கு வந்தது. எதைப் பிடித்துப் பார்த்தீர்கள்?"

"தலையைத்தான்."

"யாரும் அதைத்தான் பார்ப்பார்கள். ராயர் தலையைத் தொடவேயில்லை. கைக்குத் துணி சுற்றிக்கொண்டு நேராக வால் நுனிக்குப் போனார். உலகத்திலேயே கிடையாத கண்ணாடிக்கு எங்கே கிள்ள வேண்டும் என்று அவருக்கு யார் சொல்லிக் கொடுத்தது?"

ராயர் உதறிய மேலாடையை முதுகுக்குப் பின்னால் மறைத்தார். அப்போது செங்கமலம் தூணை விட்டு முன்னால் வந்தாள். மூன்று நாள் சாம்பலில் கிடக்க வேண்டிய விளக்குக் கூட்டை ராயரின் ஆட்கள் ஒரே நாளில் உருவிக்கொண்டு போன கதையைச் சொன்னாள்.

"என் மூக்கைக் கீறியது நீரா?" என்று அரசர் துள்ளிக் குதித்தார். "எழுதும்! இந்தக் கோதண்டராயனின் கையை..."

எழுத்தாணி ஓலையைத் தொடுவதற்குள் அம்பலவாணன் பாய்ந்து அதைப் பிடித்துவிட்டான். ஏன் பாய்ந்தான் என்று அவனுக்கே தெரியாது. எட்டு நாள் அந்தச் சத்தம் காதில் கேட்டுக்கொண்டே இருந்ததுதான் காரணமாக இருக்க வேண்டும். அரசரின் எழுத்தாணியைத் தொட்டவன் தலை தப்பியதில்லை என்பது பிறகுதான் அவன் ஞாபகத்துக்கு வந்தது.

"அரசே, இந்தத் துளியும் நல்ல விளக்கும் ஒரே உலையில் பிறந்தவைதான்," என்று வாய் ஓடியது. "இது கண்மூடித் திறப்பதற்குள் தண்ணீரில் இறுகியது. வெளியே கல், உள்ளே ஓயாத முறுக்கு. ஒரு கிள்ளுக்குச் சபையெல்லாம் தெறிக்கிறது. மற்றது மூன்று நாள் சாம்பலில் கிடந்து ஆறுகிறது."

"என் கோபத்தைச் சொல்கிறாயா?"

"நான் கண்ணாடியைத்தான் சொன்னேன், அரசே."

நம் கதை முடிந்தது என்றே அம்பலவாணன் நினைத்தான். அப்போது அரசரின் தோள் குலுங்கியது. பிறகு வயிறு குலுங்கியது. விழுந்து விழுந்து சிரித்ததில் மூக்குக் கட்டு அவிழ்ந்து மடியில் விழுந்தது.

"என்ன பரிசு வேண்டும், கேள்!"

"ஒரு சட்டி சாம்பல் வேண்டும், அரசே. தங்கள் அரியணைக்குப் பக்கத்தில். இனிக் கோபத்தில் எழுதும் ஓலை மூன்று நாள் அதற்குள் கிடக்கட்டும். ஆறிய பிறகு முத்திரை வைத்தால்தான் அது ஆணை."

அரசர் இசைந்தார். அரண்மனைக்கு வேண்டிய கண்ணாடி முழுவதும் இனி ஏரிக்கரைச் சூளையிலிருந்துதான் என்றும், செங்கமலம் சொல்லும் நாளுக்கு முன்னால் ஒருவரும் சாம்பலைத் தொடக்கூடாது என்றும் எழுதச் சொன்னார். ஏரிக்கரையில் கட்டி வைத்த மூட்டைகள் அன்றே அவிழ்ந்தன. அம்பலவாணனுக்குத் தோளில் பொன்னாடை விழுந்தது.

சாம்பல் சட்டிக்குள் முதலில் போனது ராயரின் கையை வெட்டச் சொல்லி அன்று எழுதி முடித்த ஓலைதான். மூன்று நாளும் அவர் சட்டியைப் பார்த்தபடி சோறு தண்ணீர் இறங்காமல் உட்கார்ந்திருந்தார். வேறு யாரும் அவர் பக்கம் போகவில்லை. அம்பலவாணன் மட்டும் ஒரு செம்பு மோரோடு போய்ப் பக்கத்தில் உட்கார்ந்துகொண்டான். அந்தப் பயம் எப்படி இருக்கும் என்று அவனுக்குத் தெரியும்.

நாலாம் நாள் காலை அரசர் ஓலையை எடுத்து, சாம்பலை ஊதிவிட்டுப் படித்தார். "கையை எடுத்தால் சாம்பலை யார் அள்ளுவது?" என்று சிரித்துக்கொண்டே அதைக் கிழித்துப் போட்டார். அன்று முதல் கோதண்டராயருக்கு ஏரிக்கரையில் உத்தியோகம். விளக்குகள் மூன்று நாள் முழுதாக ஆறும்வரை சாம்பல் குழிக்குக் காவல் இருக்க வேண்டும்.