வசம்பு வளையல் காட்டிய வழி

அன்பர்களே, உங்கள் ஊர்ப் பள்ளியில் ஐந்தாண்டு கழித்து முதல் வகுப்பில் அமரப்போகும் குழந்தைகள் இன்று எந்தத் தெருவில் இருக்கிறார்கள்? பதில் தெரியாவிட்டால் இந்தக் கதையைக் கேளுங்கள்.

முன்னொரு காலத்தில் ஆம்பல்நாட்டை முத்தெழிலன் என்னும் மன்னன் ஆண்டுவந்தான். நினைத்ததை நினைத்த நாழிகையிலேயே முடித்தாக வேண்டும் அவனுக்கு. அந்நாட்டு ஆறு சில ஆண்டுகளாக மேற்கே ஒதுங்கி ஓடியது. நீரைத் தேடி உழவர் குடிகளும் மேற்கரைக்குப் பெயர்ந்தன. பள்ளி மட்டும் பழைய கீழ்த்துறையிலேயே நின்றது.

ஒருநாள், "கீழ்த்துறைப் பள்ளிக்கு நூறு கல்தூண் நிறுத்தப்போகிறேன்!" என்றான் மன்னன்.

"நூறு போதுமா பிரபு? ஆயிரமாக்குங்கள்!" என்று துள்ளினார் சீர்வரிசை அதிகாரி தனஞ்செயர். அவர் மாளிகை அந்தப் பள்ளிக்கு எதிரே இருந்தது.

அமைச்சர் செங்கோடர் எண்ணிப் பார்த்தார். நாட்டின் கல்லெல்லாம் அங்கே போய்விட்டால் மேற்கரைப் பிள்ளைகளுக்கு எழுத்தே எட்டாது. "அரசே, தூண் நிறுத்துமுன் அங்கே படிக்கப்போவது யாரென்று பார்க்கலாமே" என்றார்.

"அமைச்சர் எப்போது சோதிடரானார்?" என்றார் தனஞ்செயர். அவை குலுங்கிச் சிரித்தது.

மன்னனுக்கும் விளையாட்டுப் பிறந்தது. "செங்கோடரே, ஐந்தாண்டு கழித்து வரப்போகும் மாணவரை நாளைக் காலை இங்கே நிறுத்தும். தவறினால் உமது முத்திரை மோதிரம் தனஞ்செயருக்கு!"

மறுநாள் காலை அவைக்குள் 'குவா குவா' என்று ஒரே முழக்கம். இடுப்பில் கைக்குழந்தையோடு நாற்பது தாய்மார் வந்து நின்றனர்.

"என்ன கூத்து இது?" என்றான் மன்னன்.

"தங்கள் மாணவர்கள், அரசே. சற்று முன்னதாகவே வந்துவிட்டார்கள்."

"உட்காரவே தெரியாத பிள்ளைகள்!" என்று சீறினார் தனஞ்செயர்.

"ஆனால் வளரத் தெரியும், ஐயா. நம் தூணுக்காக வளர்ச்சியை நிறுத்தி வைக்கத்தான் தெரியாது."

செங்கோடர் தாய்மாரை நோக்கினார். "கீழ்த்துறைக்காரர்கள் கையை உயர்த்துங்கள், அம்மா."

இரண்டே கைகள் உயர்ந்தன.

"மற்ற முப்பத்தெட்டும் மேற்கரை. இவர்களை எப்படிக் கண்டேன் தெரியுமா? நம் நாட்டில் பிறக்கும் ஒவ்வொரு பிள்ளைக்கும் நோய் அண்டாதிருக்க அரண்மனை வசம்பு வளையல் அனுப்புகிறதல்லவா? அதைச் சுமக்கும் ஆட்களைக் கேட்டேன்; கடைசியாக வளையல் கொடுத்த நாற்பது வீடுகளையும் சொன்னார்கள். அனுப்பியவர் தனஞ்செயர். எங்கே போகிறதென்று அவர்தான் ஒருநாளும் கேட்கவில்லை."

தனஞ்செயர் வாய் திறக்குமுன் ஒரு தாய், "கொஞ்சம் பிடியுங்கள் சாமி" என்று பிள்ளையை அவர் மடியில் கிடத்தினாள். அது அவருடைய பட்டு அங்கவஸ்திரத்தை நனைத்துவிட்டுச் சிரித்தது.

மன்னன் விழுந்து விழுந்து சிரித்தான். பிறகு தலை குனிந்தான். "என் அவசரம் இவர்களைப் படிப்பின்றி நிறுத்தியிருக்குமே! தூண்கள் மேற்கரைக்குப் போகட்டும். நாளையே வேலை தொடங்கட்டும்."

"கட்டடம் ஓராண்டில் எழும், அரசே. நல்லாசிரியர் ஓராண்டில் விளைவதில்லை. பழைய பள்ளியில் கீழ்த்துறைப் பிள்ளைகளுக்குச் சில அறைகள் போதும். எஞ்சியவற்றில் ஆசிரியர்களைப் பயிற்றுவிப்போம். அதை இன்றே தொடங்கலாம்."

"இன்றே!" என்ற மன்னன், தன் முத்துமாலையைக் கழற்றி அமைச்சருக்கு அணிவித்தான். தனஞ்செயருக்கும் ஒரு பணி கிடைத்தது: இனி ஒவ்வொரு வளையலையும் அவரே நடந்து சென்று பிள்ளையின் கையில் கட்டவேண்டும், எந்தத் தெரு என்று அவைக்கு வந்து சொல்லவேண்டும்.

அன்பர்களே, நாளைய மாணவர் இன்றே தொட்டிலில் கிடக்கிறார்கள். உங்கள் தெருவிலும் ஒரு தொட்டில் ஆடுகிறது. எழுந்து போய்ப் பாருங்கள். பார்த்ததை ஊர்ச்சபையில் எழுந்து நின்று சொல்லுங்கள். நாளைக்கு என்று தள்ளாதீர்கள். இன்றே செய்யுங்கள்!