டாக்டர் கஜபதி போட்ட சம்மணம்

மூன்று வயதுப் பிள்ளைகள் அரைமணி நேரம் அசையாமல் சம்மணம் போட்டு உட்கார வேண்டும் என்று அரசாங்கத்துக்கு யோசனை சொன்னவர் டாக்டர் கஜபதி. அதை நடத்திக் காட்டு என்று அங்கன்வாடிக்கே வந்து நின்றார்.

டீச்சர் மரியபுஷ்பத்துக்கு இந்த மாதிரி யோசனைகள் கேட்டுக் கேட்டு அலுத்துப் போயிருந்தது.

"செஞ்சிரலாம் சார். பிள்ளைங்க எதையும் பார்த்துத்தான் செய்யும். நீங்க முன்னால உட்காருங்க."

உட்கார்ந்தார். சற்று நேரத்தில் நெளிந்தார். "அம்மாடி" என்று முனகிக் காலை நீட்டினார். பிள்ளைகள் அத்தனையும் "அம்மாடி" என்று காலை நீட்டின.

அடுத்த மாதம் உத்தரவு வந்தது: 'பார்வையிட வரும் நிபுணர்களுக்கு நாற்காலி போட வேண்டும்.' பிள்ளைகளுக்கு அதே அரைமணிதான்.

மரியபுஷ்பம் வாசலில் நாற்காலியைப் போட்டாள். பார்வையிட எந்த நிபுணரும் வரவில்லை; அது காலியாகத்தான் கிடந்தது.

"எந்திரிங்க பிள்ளைங்களா, போய் விளையாடுங்க."