ஆறாவது முட்டை

மலையடிவாரக் காட்டில் சலோமி என்றொரு காட்டுக்கோழி இருந்தாள். வேலை என்று வந்துவிட்டால் காலில் சக்கரம் கட்டிக்கொள்வாள். காட்டின் ஓரத்தில் மனிதர்களின் சின்ன ஆலயம் ஒன்று உண்டு. அங்கே கிறிஸ்துமஸ் களை கட்டினால் காட்டுக்குள்ளும் கொண்டாட்டம்தான். நட்சத்திரம் கட்டுவது, குடில் போடுவது, கீத பவனிக்குப் பாட்டுப் பழக்குவது எல்லாமே சலோமி. அவள் இல்லாவிட்டால் அங்கே ஒரு துரும்பும் அசையாது. எல்லாரும் அப்படித்தான் சொன்னார்கள். அவளும் அதை நம்பிவிட்டாள்.

அந்த ஆண்டு டிசம்பர் பிறந்ததும் சலோமி முள்புதருக்குள் ஆறு முட்டைகளின் மேல் அடைகாக்க உட்கார்ந்தாள். நாள் எண்ணிப் பார்த்தால், கிறிஸ்துமஸ் காலையில் குஞ்சு பொரிக்க வேண்டும்.

உடம்புதான் உட்கார்ந்தது. மனசு உட்காரவில்லை.

"அக்கா! நட்சத்திரம் கோணலா தொங்குது!" என்று அணில் ஆசீர் ஓடிவந்தான். சலோமி எழுந்து ஓடினாள்.

"அக்கா! மைனாக்கள் ரெண்டாவது அடியில சுதி இறங்குதுங்க!" மறுபடி ஓடினாள்.

"அக்கா! குடிலுக்கு வைக்கோல் பத்தலை!" அதற்கும் ஓடினாள். போன வேகத்தில் திரும்பி வந்து, மூச்சு வாங்க முட்டைகளின் மேல் உட்கார்ந்தாள்.

இதையெல்லாம் பாறை இடுக்கிலிருந்து ஓர் உடும்பு பார்த்துக்கொண்டிருந்தது. முட்டை என்றால் அதற்கு உயிர். ஆனால் சலோமியிடம் முன்பு கொத்துப்பட்ட தழும்பு அதன் மூக்கில் இன்னும் இருந்தது. அவள் கொஞ்சம் அதிக நேரம் வெளியே போகட்டும் என்று நாக்கை நீட்டிக்கொண்டு காத்திருந்தது.

ஒரு மத்தியானம் மழை பிடித்துக்கொண்டது. நட்சத்திரம் நனையாமல் இருக்க அதன்மேல் பனையோலை மூடிவிட்டு, சலோமி சொட்டச் சொட்டத் திரும்பி வந்தாள். ஐந்து முட்டைகள் ஒட்டிக் கிடந்தன. ஆறாவது ஓரமாக உருண்டு, மழைநீரில் கூழாங்கல் மாதிரி சில்லிட்டுக் கிடந்தது.

சலோமி பதறிப் பாய்ந்தாள். அதை நெஞ்சுக்கடியில் இழுத்துக்கொண்டு அழுதாள்.

"ஆண்டவரே! உம்ம பிறந்தநாளுக்குன்னு ஓடி ஓடி, நீர் என்கிட்ட குடுத்ததையே குளிர விட்டுட்டேனே!"

அழுது ஓய்ந்தபோது ஒன்று நினைவுக்கு வந்தது. ஆலயத்து ஜன்னலடியில் தானியம் பொறுக்கும்போது எத்தனையோ தடவை காதில் விழுந்த சேதிதான். வானத்தையும் பூமியையும் படைத்தவர் ஏழாம் நாளில் ஓய்ந்திருந்தார்.

"அவரே உட்கார்ந்தார். உட்கார மாட்டேன்னு சொல்ல நான் யாரு?" என்று சொல்லிக்கொண்டு சலோமி இறக்கைகளை விரித்து அமர்ந்தாள்.

முதல் நாள் கால்கள் துறுதுறுத்தன. ஒவ்வொரு வேலையாக மனசில் வந்து நின்றது. "இது உம்முடைய பண்டிகை. நீரே பார்த்துக்கொள்ளும்" என்று ஒவ்வொன்றையும் அவரிடமே கொடுத்தாள். மூன்றாம் நாள் மூச்சு சீரானது. இலையில் பனி சொட்டும் சத்தம் கேட்டது. அப்புறம் வயிற்றுக்கடியில் மெல்ல மெல்ல, டொக், டொக்! ஐந்து முட்டைகள் தட்டின. ஆறாவது மட்டும் பேசவில்லை.

அப்போது பார்த்து உடும்பு வந்தது.

"சலோமியம்மா! பாட்டு நாசமாப் போகுது! ஒரு மணி நேரம் வந்துட்டுப் போங்க. ஆண்டவர் காரியத்துல ஓய்வு உண்டா? காடே உங்களைச் சோம்பேறின்னு பேசுது!"

சோம்பேறி! அந்தச் சொல் சுருக்கென்று தைத்தது. சலோமி பாதி எழுந்தேவிட்டாள். பிறகு மெதுவாக அமர்ந்தாள்.

"பேசினா பேசட்டும். சுதி சேரலைன்னு இயேசு பிறக்காம இருந்துடுவாரா? நான் ஓடலைன்னா கிறிஸ்துமஸே நின்னுடும்னு இத்தனை வருஷம் நினைச்சேன் பாருங்க, அதுதான் தப்பு. இப்ப இப்படி உட்கார்ந்திருக்கிறதுதான் என் ஜெபம்!"

"அப்போ... நான் வேணும்னா முட்டையைப் பார்த்துக்கட்டுமா?"

"உங்க மூக்குப் புண்ணு நல்லா ஆறிடுச்சா?"

உடும்பு வந்த வழியே வாலைச் சுருட்டிக்கொண்டு போனது.

என்ன மனசு பாருங்கள்! ஓடிப் பழகிய கால்களை மடக்கி வைப்பது லேசான காரியமா? காடே கூப்பிடும்போது உட்கார்ந்திருக்கத் தனித் துணிச்சல் வேண்டும். சலோமிக்கு அது இருந்தது.

கிறிஸ்துமஸ் காலை விடிந்தது. பவனி ஒரு வழியாகப் புதரடிக்கு வந்து சேர்ந்தது. சலோமியின் இறக்கைக்குள்ளிருந்து ஐந்து குஞ்சுகள் எட்டிப் பார்த்தன.

"அக்கா! நட்சத்திரம் விழுந்துடுச்சு! மைனாக்கள் வரியை மறந்துடுச்சுங்க! நான் இப்ப என்ன செய்ய?" என்று ஆசீர் அழாத குறையாகக் கேட்டான்.

"ஒண்ணும் செய்ய வேண்டாம்பா. ஆறாவது இன்னும் வரலை. என்கூட உட்காரு."

சலோமியின் வாயிலிருந்து அப்படி ஒரு வார்த்தையை ஆசீர் கேட்டதே இல்லை. திகைத்துப்போய் வாலை மடக்கி உட்கார்ந்தான். மைனாக்கள் உட்கார்ந்தன. முயல்கள் உட்கார்ந்தன. ஆலயத்தில் மணி அடித்து ஓய்ந்தது. அந்தக் காட்டில் கிறிஸ்துமஸ் அன்று யாருமே ஓடாமல் இருந்தது அதுதான் முதல் தடவை.

வெயில் ஏறியது. யாரும் அசையவில்லை.

டொக்.

சலோமி கண்களை மூடிக்கொண்டாள். இன்னொரு டொக்! ஓடு கீறியது. ஈரத் தலை ஒன்று வெளியே வந்து, "கீச்!" என்றது.

மைனாக்களுக்கு மறந்த வரி தானாக வந்துவிட்டது. சுதி சேர்ந்ததா இல்லையா என்று சலோமி கவனிக்கவே இல்லை. ஆறாவது குஞ்சின் தலையை உலர்த்திக்கொண்டிருந்தாள்.

பண்டிகைக்காக ஓடுவதை நிறுத்தி ஆண்டவருக்கு முன் அமைதியாக அமரத் தெரிந்தவரே, அவர் தரும் பரிசைக் கண்ணாரக் காண்கிறார்.