கைக்கு மட்டும் லீவு

வாளையாரில் கேரள எல்லைக்கோடு சுந்தரவடிவேலின் தையல் கம்பெனிக்கு நட்ட நடுவே ஓடியது. இரண்டு மாநிலச் சட்டத்தையும் மதிக்கிறவர் அவர். எப்படி என்றால், பொங்கலன்று தையல் மிஷின்களைக் கேரளப் பக்கம் தள்ளுவார்; ஓணத்தன்று தமிழ்நாட்டுப் பக்கம். ஆக, யாருக்கும் எந்தப் பண்டிகைக்கும் லீவு கிடையாது. இதற்கு நிர்வாகத் திறமை என்று பெயராம்.

இந்த ஓணத்துக்கும் மிஷின்கள் இடம் மாறின. ஆனால் மெயின் சுவிட்ச் கேரளச் சுவரில் இருந்தது.

“துளசிமணி, சுவிட்சைப் போடு” என்றார் முதலாளி, முன்வரிசைத் தையல்காரியிடம்.

“கையை நீட்டினா கை கேரளாவுக்குப் போயிருமுங்க. அங்க இன்னைக்கு லீவு. மத்தபடி நான் முழுசா வேலைக்குத் தயாருங்க.”

மற்ற பெண்களும் கையைக் கட்டிக்கொண்டு வேலைக்குத் தயாராக உட்கார்ந்தார்கள்.

“நானே போட்டுக்கறேன்” என்று முதலாளி கோட்டைத் தாண்டிப் போய்ச் சுவிட்சில் கை வைத்தார்.

“போடுங்க” என்றாள் துளசிமணி. “போட்டா கம்பெனி கேரளாவுல ஓடுதுன்னு ஆயிரும், எங்களுக்கு லீவு. போடலைன்னா கரண்ட் இல்லை, அப்பவும் லீவு.”

முதலாளி கையை எடுக்கவும் இல்லை, சுவிட்சைப் போடவும் இல்லை.

துளசிமணி செருப்பை மாட்டினாள். “நிதானமா யோசிங்க மொதலாளி. வீட்டுல பாயசம் ஆறுது, நாங்க கெளம்பறோம்.”